பதின்மூன்று எழுத்து

அக்டோபர் 6, வெள்ளி

ஹாலரன் பேரைப் பிரித்து முடித்தேன். இங்கிலீஷில் எட்டு எழுத்து. வீட்டு ஆட்டச் சட்டை ரெண்டு, வெளியூர்ச் சட்டை ரெண்டு. ஆறு வருஷம் எங்க ஊர்ப் பேஸ்பால் அணியை நடத்தின மேனேஜர். திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டு, போய்ட்டு வாங்க என்று கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள். தைக்க ஒரு எழுத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும். பிரிக்க ரெண்டு நிமிஷம் போதும்.

பெட்டியை டெஸ்மண்ட்தான் கொண்டுவந்தான். அணியின் சட்டை, தொப்பி, ஷூ எல்லாம் அவன் பொறுப்பு. வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, கோச்சுங்க சட்டைய மட்டும் இப்ப தொடாதீங்க. புது மேனேஜர் வந்து யாரை வெச்சுப்பாரு, யாரை அனுப்புவாருன்னு ஒண்ணும் தெரியல."

கோச்சுகள் ஆறு பேர். அதில் ஒருவர் அப்போது என் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் ஃப்ளோரியன் சட்டையில் பதின்மூன்று எழுத்து. வோய்ச்சகாவ்ஸ்கி. இந்த அக்குளில் ஆரம்பித்து முதுகைச் சுற்றி அந்த அக்குளில் போய் முடியும். கீழே 41. முதல் தடவை தைத்தபோது கடைசி 'ஐ' கைக்குள் போய்விட்டது. முழுசாகப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு தைப்பேன்.

அக்டோபர் 10

இன்றைக்கு ஃப்ளோரியன் நம்ம வாசல் இலையை வாரினார். அப்புறம் பக்கத்து வீட்டு வாசல். அப்புறம் எதிர் வீடு. நான் காபியோடு போய், "தெரு முடியற வரைக்கும் போகப் போறீங்களா?" என்றேன். "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

அவர் வேலை புல்பென்னில். மைதானத்து வேலிக்குப் பின்னால் ஒரு கொட்டடி. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இறங்கிப் பந்து போடுகிற பையன்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர் ஃபோனில் ஒரு பேர் சொல்வார். ஃப்ளோரியன் "சரி" என்பார், வைத்துவிடுவார், அந்தப் பையனைக் கை சூடேற்றி அனுப்புவார். பத்தொன்பது வருஷமாக இதுதான். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஒரு தடவைகூட இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுத்ததில்லை.

அந்தக் கொட்டடிச் சுவரில் மூன்று பெயர் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. அந்த அணிக்கு இருபது வருஷம் முடித்தவர்கள். ஃப்ளோரியன் வாய்விட்டுக் கேட்க மாட்டார். ஆனால் ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பிடும்போது தானாகவே சொன்னார்: "மூணாவது பேருக்குக் கீழ இடம் இருக்கு. ஆனா என் பேரு நீளம். சுவரு பத்துமான்னு தெரியல." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு வருஷம். அதைத் தவிர இந்த மனுஷன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பத்தொன்பதுக்கு யாரும் எழுத மாட்டார்கள்.

அக்டோபர் 31

ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. பண்டிகை வேஷம் கட்டிக்கொண்டு கதவைத் தட்டிய குழந்தைகளுக்கெல்லாம் அவரே மிட்டாய் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை.

நவம்பர் 14, செவ்வாய்

ரேடியோவில் இன்று அறிவித்தார்கள்: புது மேனேஜர் இபாரா. ஃப்ளோரியன் ஓடிவந்து, "பெர்னி, கேட்டியா? இபாராவாம்!" என்றார். "அப்படியா!" என்றேன்.

எனக்குச் சனிக்கிழமையே தெரியும். ஆறு எழுத்து, எண் 12. பத்திரிகைக்காரர்கள் முன்னால் போட்டுக்கொள்ள ஒரு சட்டை அவசரமாகக் கேட்டிருந்தார்கள்.

இந்த வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அறிவிப்பு வரும்வரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, முக்கியமாகப் புருஷனிடம். அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். கீழ்த்தளத்தில் நான் பார்த்தது மாடிப்படி ஏறாது. கொட்டடியில் அவர் கேட்டது வீட்டு வாசல் தாண்டாது. பதினெட்டு வருஷத்தில் ஃப்ளோரியன் என் தையல் அறைக்குள் கால் வைத்ததில்லை. பனிக்காலத்தில் கீழே தண்ணீர்க் குழாய் வெடித்தபோதுகூடப் படியில் நின்றுகொண்டு, "மெஷினை மூடிட்டியா? வரலாமா?" என்றார். நான் மூடுவதற்குள் பாதி தரை நனைந்துவிட்டது.

எனக்கு அதில் பெருமைதான். பொய் சொல்வானேன்.

நவம்பர் 20

இபாரா இவரைக் காபிக்கு வரச்சொன்னார். திரும்பி வரும்போது காரிலேயே விசில்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாத்தான் பேசினாரு. வயசைக் கேக்கல. முழங்காலைக் கேட்டாரு. டிசம்பர் நடுவுல சொல்றேன்னாரு. மேல ஆபீஸ்ல கம்ப்யூட்டர் படிச்ச சின்னப் பையன் ஒருத்தன வெக்கணும்னு சொல்றாங்களாம், பாக்கலாம்னாரு."

கடைசியில் சொன்னதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதை ஏன் கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்?

டிசம்பர் 2, சனி

மத்தியானம் யாரோ ஃபோன். எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய்விட்டார். இந்தக் குளிரில்! இருபது நிமிஷம் கழித்து மூக்கு சிவந்து வந்தார்.

"யாருங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இருபது நிமிஷம் நடுங்கினீங்க?"

சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவுமில்லை. நானும் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 4, திங்கள்

கீழே மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

டெஸ்மண்ட் பெட்டி வைத்துவிட்டுப் போனான். நான்கு சட்டை, ஒரு சீட்டு. சீட்டில்: ரியானோ. எண் 41.

41.

யார் இந்த ரியானோ என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆட்டத்தை முடித்து வைக்கிறதில் பெரிய கை. பத்து அணி துரத்துகிறது. நம்மிடம் வருகிறான் என்றால் ஊரே கூத்தாடும். ஆனால் 41 என் வீட்டுக்காரர் முதுகில் பத்தொன்பது வருஷமாக இருக்கிற எண். அதைத் தூக்கி இன்னொருவனுக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அந்த முதுகு இனி அங்கே இல்லை என்றுதானே அர்த்தம்?

மேலே ஃப்ளோரியன் ரேடியோ வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கிறார். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 5

பொறு பெர்னடின், நிதானமாக யோசி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆட்டக்காரன் புதிதாக வந்தால் தனக்குப் பழகின எண்ணைக் கேட்பான். அதைப் போட்டிருப்பது கோச் என்றால் விட்டுக்கொடுப்பார். பதிலுக்கு ஆட்டக்காரன் ஒரு கைக்கடிகாரமோ, மீன்பிடிப் படகோ கொடுப்பான். அப்படி இருக்கலாமே?

ஆனால் அப்படி என்றால் ஃப்ளோரியனைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்னிடம் சொல்லாமலா இருப்பார்? 41-ஐக் கொடுப்பதென்றால் பல்லைப் பிடுங்குகிற மாதிரி, வீடு முழுக்கப் புலம்பியிருப்பார். சொல்லவில்லை. ஆகவே கேட்கவில்லை. ஆகவே…

டெஸ்மண்டுக்கு ஃபோன் போட்டேன். வேறு சாக்கு வைத்துக்கொண்டுதான்: "இந்தப் பையன் பேருல 'என்' மேல ஒரு சின்ன அலை வரணுமே? அவங்க ஊர்ல ரியான்யோன்னுல்ல சொல்லுவாங்க? சீட்டுல அலை இல்லையே."

"போன அணியிலயும் அலை இல்லாமத்தான் போட்டானாம் அக்கா. கேட்டுக் கேட்டு அலுத்துட்டானாம்."

"நான் வெச்சுடறேன்."

"வெச்சுடுங்க. யாரு வேண்டாம்னா?"

கடைசியாக, "41-ஆ டெஸ்மண்ட்?" என்றேன்.

"சீட்டுல இருக்கறதுதான் அக்கா எனக்கும் தெரியும்."

அவன் குரலில் இருந்தது பரிதாபமா, பயமா? அலையை வெட்டித் தைத்தேன். நகம் அளவுதான். மூன்று தடவை ஊசி குத்திக்கொண்டேன்.

டிசம்பர் 8, வெள்ளி

சர்ச் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். ஃப்ளோரியன் முழங்கால் வலி என்று வரவில்லை. நான் மட்டும் போய்ப் பொட்டலம் வாங்க வரிசையில் நின்றேன். பின்னால் கூகன். ஆற்றங்கரைக் கல்லூரிப் பையன்களுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறவர். நாலு வருஷமாக ஃப்ளோரியனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், பந்து வீசுகிற பையன்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

"என்ன பெர்னி, உங்க வீட்டுக்காரர் இந்த வருஷமாவது எங்களுக்குக் கிடைப்பாரா, இல்ல வழக்கம்போல இல்லைன்னுடுவாரா?"

சும்மா கேலிக்குத்தான் கேட்டார். நான் சிரித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும்.

"கேட்டுப் பாருங்க. இந்தத் தடவை இல்லைன்னு சொல்ல மாட்டாரு" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நிஜமாவா? அங்க முடிஞ்சிடுச்சா?"

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டுப் பாருங்கன்னுதான் சொன்னேன்."

எழுதி வைக்கிறேன், எனக்காக: நான் ரியான்யோ பேரைச் சொல்லவில்லை. 41 என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டதை மீறவில்லை. ஃப்ளோரியன் கீழே விழும்போது தரையில் ஒரு மெத்தை கிடக்கட்டும் என்றுதான். வேறொன்றுமில்லை.

மீன் பொட்டலத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, எனக்கு எடுக்காமலே கீழே வந்துவிட்டேன்.

டிசம்பர் 11, திங்கள்

காலையில் அறிவித்துவிட்டார்கள். ரியானோ நம்ம அணியில், மூன்று வருஷம். தெருவில் எவனோ கார் ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறான்.

ஃப்ளோரியன் சமையலறைக்கு வந்தார். காது வரைக்கும் சிரிப்பு.

"அப்பாடா! இனிமே சொல்லலாம். ஒன்பது நாளா வாயைக் கட்டிக்கிட்டு செத்தேன். பெர்னி, அன்னிக்கு ஷெட்டுல பேசினது யாரு தெரியுமா? அந்தப் பையன்தான்! ரியான்யோ! 41-ஐக் குடுப்பீங்களான்னு கேட்டான். அவன் தம்பி போட்ட நம்பராம். தம்பி இப்ப இல்லையாம். நான் என்னத்த சொல்ல? எடுத்துக்க தம்பின்னுட்டேன். பதிலுக்கு என்ன வேணும்னான். யோசிச்சு சொல்றேன்னேன். ஒப்பந்தம் முடியற வரைக்கும் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாதீங்கன்னான். நான் யாரு! சொல்லுவேனா?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"என்னடி, மூஞ்சி இப்படிப் போச்சு? நம்பர்தானே போகுது. இபாரா வெள்ளிக்கிழமை ஃபோன் பண்ணாரு. நூத்துக்குத் தொண்ணூறு நீதான்னாரு. நம்பர் பேச்சும் அதுல வந்ததால அன்னிக்கே சொல்ல முடியல. எனக்குப் புது நம்பர் வேணும். நீயே ஒண்ணு சொல்லு பாப்போம். நீதானே தைக்கப் போற?"

வெள்ளிக்கிழமை! நான் மீனுக்கு வரிசையில் நின்றிருந்த நேரம்.

கீழே இறங்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூகனுக்கு ஃபோன் செய்தேன். "அன்னிக்கு நான் சொன்னத மறந்துடுங்க." அவர் பாவம், தடுமாறினார். "ஐயோ பெர்னி, நான் கல்லூரியில சொல்லிட்டேனே. அவங்க குதிச்சிட்டாங்க. நேத்து ரேடியோக்காரன் ஒருத்தன் வேற கேட்டான்…"

கேட்டான் என்றால்? நீங்க என்ன சொன்னீங்க? கேட்கத் தைரியம் வரவில்லை. வைத்துவிட்டேன்.

டிசம்பர் 13

ரேடியோ, காலை எட்டரை: "வோய்ச்சகாவ்ஸ்கி கல்லூரிக்குப் போகிறார் என்று அவருக்கு நெருங்கிய வட்டாரம் சொல்கிறது."

நெருங்கிய வட்டாரம் அப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

ஃப்ளோரியன் விழுந்து விழுந்து சிரித்தார். "எவன்டா இதைக் கிளப்பிவிட்டான்? பேரையாவது ஒழுங்காச் சொன்னானே!" இபாராவுக்கு அவரே ஃபோன் செய்து, அதெல்லாம் புரளி என்றார். இபாராவும் சிரித்தாராம்.

சொல்லிவிடு பெர்னடின். இப்போதே சொல்லிவிடு.

சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது, தானாக அடங்கிவிடும் என்று… கோழை. கோழை.

டிசம்பர் 19, செவ்வாய்

ஃபோன் அடித்தது. எடுத்தார். கேட்டார். "சரி" என்றார். வைத்தார்.

கொட்டடியில் சொல்கிற அதே "சரி". வைத்த பிறகு எழுந்திரு என்று யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"இபாரா என்னைத்தான் கேட்டாராம். ஆபீஸ்ல, அவர்தான் காலேஜுக்குப் போறாராமே, நல்லபடியாப் போகட்டும், நாம ஏன் குறுக்க நிக்கணும்னு சொல்லிட்டாங்களாம். க்விஸ்ட்டுன்னு ஒரு பையனாம். முப்பத்தொண்ணு வயசு." அப்புறம், "ஒரு சாக்கு வேணும்ல அவங்களுக்கு. கிடைச்சிடுச்சு" என்றார்.

அந்தச் சாக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்துமஸ் விருந்துக்கு உட்கார முதல் நட்சத்திரம் தெரிய வேண்டும், தெரிந்தது. மேஜையில் வெள்ளை விரிப்பு, வழிப்போக்கனுக்காக ஒரு காலி நாற்காலி, பீட்ரூட் சூப். மகள் ரோசெஸ்டரிலிருந்து பனியால் வர முடியவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

சாப்பிடுவதற்கு முன் அப்பளம் மாதிரி அந்த மெல்லிய அப்பத்தை நீட்டி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் உடைத்துக்கொண்டு, இந்த வருஷம் உனக்குச் செய்ததை மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருஷமாகச் சொல்கிறோம். பாதி வருஷம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம்.

அவர் உடைத்தார். "பெர்னி, இந்த வாரம் பூரா உம்முனு இருந்தேன். மனசுல வெச்சுக்காத" என்றார்.

நான் உடைக்கவில்லை. "நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

"கூகன்கிட்ட சொன்னது நான்தாங்க. 41 சீட்டைக் கீழ பாத்தேன். உங்களை எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். மீன் வரிசையில வாயைத் திறந்துட்டேன். இந்த வாய் இருக்கே, இந்த வாய்…"

அழுதேன். வேறென்ன செய்ய? அவர் கையில் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. வாயில் போடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. "சூப்பு ஆறுது" என்றார்.

டிசம்பர் 28

பேசுகிறார். உப்பு எங்கே, தபால் வந்ததா, குழாய் சொட்டுகிறது. அவ்வளவுதான் பேசுகிறார்.

ஜனவரி 3

பனி. ஃப்ளோரியன் வாரினார்: நம்ம வாசல், பக்கத்து வாசல், எதிர் வாசல், மூலை வீட்டு விதவை வாசல். தெரு முடிகிற வரைக்கும் போய்விட்டார்.

ஜனவரி 9

க்விஸ்ட். ஐந்து எழுத்து. ஒரு சட்டை ஐம்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நல்ல பையனாகக்கூட இருக்கலாம். பேர்தான் ரொம்பச் சின்னது.

சீட்டின் அடியில் இன்னொரு வரி, டெஸ்மண்ட் கையெழுத்தில்: "அக்கா, மன்னிச்சுக்குங்க. 41 பழையது நாலும் பிரிக்கணும். பயிற்சி முகாமுக்குப் போகுது."

பிரித்தேன். ஒரு எழுத்துக்கு இரண்டு நிமிஷம் என்று எழுதியிருந்தேனே, பொய். வெள்ளைச் சட்டை ஒன்றுக்கே ஒரு மணி நேரம் ஆனது. நூலை நானே அவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கிறேன். பிரித்த எழுத்தெல்லாம் எப்போதும் குப்பைக்குப் போகும். அந்த வெள்ளைச் சட்டையின் பதின்மூன்றை மட்டும் ஓர் உறையில் போட்டுப் பொத்தான் டப்பாவுக்குள் வைத்தேன்.

ஜனவரி 12

ரியான்யோ ஃபோன். நான்தான் எடுத்தேன்.

"அம்மா, என் பேருல அலை வெச்சது நீங்கதானா? பதினோரு வருஷத்துல முதல் தடவை. எங்க அம்மா ஃபோட்டோ பாத்துட்டு அழுதாங்க." அப்புறம் தயங்கினான். "அவருக்கு நான் ஒண்ணு தரணும். கேட்டா ஒண்ணும் வேண்டாங்கறாரு. வேலை போனதுக்கு அப்புறம் கடிகாரம் குடுத்தா நல்லாவா இருக்கும்? அவருக்கு என்ன பிடிக்கும்னு நீங்க சொல்லுங்களேன்."

என்ன சொல்ல? சுவரைச் சொல்லலாமா? மூணாவது பேருக்குக் கீழே இடம் இருக்கிறது என்று? ஒரு தடவை வாயைத் திறந்து பட்டது போதாதா?

"நான் யோசிச்சு சொல்றேன் தம்பி" என்றேன். அவர் சொன்ன அதே பதில்.

ஜனவரி 16, செவ்வாய்

படியில் காலடி. நான் பழக்கதோஷத்தில் மெஷின் மேல் துணியை இழுத்து மூடினேன். ஃப்ளோரியன் கடைசிப் படியில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"இதுதானா அந்த இடம்? நான் ஏதோ பெருசா இருக்கும்னுல்ல நெனச்சேன்."

"உக்காருங்க" என்றேன். நூல் பெட்டியை நகர்த்தினேன். உட்கார்ந்தார், முழங்காலை நீட்டிக்கொண்டு.

"அந்தச் சீட்டு இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"ரியானோ, 41. அவ்வளவுதானே இருக்கு. நான் போய்ட்டேன்னு எங்க இருக்கு?"

"இல்லை. நானாப் படிச்சுக்கிட்டேன்."

"பாத்துட்டு ஏன்டி என்னைக் கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னுதானே நம்ம சட்டம்? நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதானே…"

அதற்கு மேல் அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே சங்கதியை ஆளுக்கொரு பக்கம் வாயில் அடக்கிக்கொண்டு ஏழு நாள் கஞ்சி குடித்திருக்கிறோம். யாராவது ஒருத்தர் கொஞ்சம் ஒழுக்கம் கெட்டவராக இருந்திருந்தால் அவருக்கு இருபதாவது வருஷம் கிடைத்திருக்கும்.

"கோவமா?" என்றேன்.

"இருக்கு" என்றார். "உன் மேல முக்கால், என் மேல கால். மார்ச்சுக்குள்ள பாதிப் பாதி ஆயிடும்." கையிலிருந்த சீட்டை நாலாக மடித்தார். "கூகன்கிட்ட நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன். அவன் பசங்க பந்து போடறதப் பாத்தேன். கண்றாவி."

அவர் மேலே போன பிறகு, ரியான்யோவுக்குப் போகவேண்டிய வெளியூர்ச் சட்டைப் பெட்டியைத் திறந்து, அந்த உறையை அடியில் வைத்தேன். மேலே எழுதினேன்: "41-ஐ முன்னாடி போட்டிருந்தவர் பேரு. உங்ககிட்டயே இருக்கட்டும்." சுவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நிஜமாகவே எழுதவில்லை.

பிப்ரவரி 14

ஃப்ளோரிடாவில் பயிற்சி முகாம் ஆரம்பம். பத்தொன்பது வருஷமாக இந்தத் தேதியில் நான் தனியாகச் சாப்பிடுவேன். இன்றைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, கல்லூரிப் பையன் ஒருவன் காலை எப்படித் தூக்குகிறான் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டினார். கோபம் இப்போது எவ்வளவு என்று கேட்டேன். "அறுபது நாப்பது" என்றார்.

மார்ச் 22

புதுச் சீட்டு வந்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். "வெளியாளுக்குக் காட்டாதடி" என்று ஃப்ளோரியன் படியில் உட்கார்ந்துகொண்டு கேலி. எனக்குப் பேர் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கையெழுத்து கையெழுத்துதான். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

ஊரில் முதல் ஆட்டம். இரண்டு டிக்கெட் டெஸ்மண்ட் கொடுத்தான். ஃப்ளோரியன், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அதை மகளுக்கு அனுப்பிவிட்டார். சர்ச் கூடத்திலிருந்து மீன் வாங்கி வந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். வரிசையில் நான் யாரிடமும் பேசவில்லை.

கடைசி இன்னிங்ஸ். நம்ம அணி ஒரு ரன் முன்னால். க்விஸ்ட் ஃபோனை எடுப்பதைக் காட்டினார்கள். "நின்னுக்கிட்டு எடுக்கறான் பாரு. நல்ல பையன்" என்றார் ஃப்ளோரியன், முள்ளை எடுத்துக்கொண்டே.

ரியான்யோ எழுந்து கோட்டைக் கழற்றினான். கேமரா அவன் முதுகைக் கிட்டத்தில் காட்டியது. 41. மேலே பேர். 'என்' தலையில் நகமளவு அலை. என் அலை. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினான். கேமரா ஒரு விநாடி அங்கேயே, காலியான பெஞ்சு மேலே நின்றுவிட்டது.

சுவரில் பெயின்ட்டில் மூன்று பெயர். மூன்றாவதுக்குக் கீழே, துணி எழுத்தில், கோணல் மாணலாக ஒட்டி வைத்து, ஒரு பெரிய பேர். பெஞ்சு முனையில் ஆரம்பித்துத் தண்ணீர்ப் பீப்பாய் வரை போகிறது.

ஃப்ளோரியன் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து டிவி கிட்டே போனார். அதற்குள் படம் மாறிவிட்டது.

"பெர்னி."

"ம்."

"அது… நீ ஏதாவது சொன்னியா அவன்கிட்ட?"

"சத்தியமா இல்லீங்க. எழுத்த மட்டும்தான் குடுத்தேன்."

பக்கத்து வீட்டில் யாரோ கத்தினார்கள். ரியான்யோ முதல் ஆளை வெளியே அனுப்பிவிட்டான் போலிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஃப்ளோரியனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கிட்டே போனேன். அழுதுகொண்டேதான் சிரித்தார்.

"ஐயும் ஈயும் இடம் மாத்தி ஒட்டியிருக்கானுங்கடி. இத்தனை வருஷம் என்கூட உக்காந்திருந்தானுங்க, ஒரு பயலுக்கு என் பேரை எழுதத் தெரியல!"

"டெஸ்மண்டுக்குச் சொல்லி நாளைக்கே சரி பண்ணிடட்டுமா?"

"தொடக் கூடாது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பி வந்து மீன் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அப்படியே இருக்கட்டும்."